ஐந்து எண்ணில் திறந்த கடை

மோனே,

நான் சொல்லச் சொல்ல உன் தங்கை சிந்து எழுதுகிறாள். சொல் என்னுடையது, எழுத்து அவளுடையது. நான் பேசுவது இவ்வளவு ஒழுங்காக இருக்காது என்று உனக்கே தெரியும். என் பேச்சில் பாதி மலையாளம் கலந்து கிடக்கும். அவள் அதையெல்லாம் நேராக்கி, புத்தகத்தில் இருக்கிற மாதிரி எழுதிக்கொள்கிறாள். "அம்மா சொல்ற மாதிரியே எழுதினா அண்ணன் சிரிக்கும்" என்கிறாள். சிரிக்கட்டுமே என்றேன், கேட்கவில்லை. பள்ளியில் அவள் படித்தது மலையாளம்தான். தமிழ் எழுத்தை வீட்டில் உட்கார்த்தி வைத்து நான் சொல்லிக்கொடுத்தேன். பிறகு வாசகசாலையில் புத்தகம் எடுத்துப் படித்தும், தமிழ்நாட்டு வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதியும் என்னைவிட நன்றாகவே தேறிவிட்டாள். நாலு பேர் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற பெண்ணுக்குத் தாளைக் கொடுத்தால் வாய் முளைத்துவிடுகிறது. இதை எழுதமாட்டேன் என்கிறாள். எழுதடி என்கிறேன்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் எனக்கு உன்னிடம் எண் கேட்கத்தான் வரும். ஒன்றரை வருஷமாக அப்படியே பழகிப்போய்விட்டது. இந்த வாரம் நாலு நாளாக நான் கூப்பிடவில்லை. "அம்மாவுக்கு என்ன, உடம்பு சரியில்லையா" என்று நீ சிந்துவுக்குச் செய்தி அனுப்பியிருந்தாய். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது, அதற்கு நாலு நாள் ஆனது. இதை எழுதி முடித்ததும் சிந்து படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். ஆன்லைன் கடைக்காரர்களின் வாட்ஸாப் குழுவிலும் போடட்டுமா என்று கேட்கிறாள். போடட்டும். தமிழ் படிக்கத் தெரிந்த அம்மாமார் அங்கேயும் இருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். போன வாரம் நம் ஆன்லைன் கடைக்கு, அதை நடத்துகிற கம்பெனியிடமிருந்து அறிவிப்பு வந்தது. கட்டணங்கள் மறுபடியும் ஏறுகின்றன. இந்த மாதம் முடிவதற்குள் 'சம்மதம்' என்ற பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் கடை தானாக மூடிக்கொள்ளும். போனுக்குள் இருக்கிற கடைதானே, கதவா பூட்டா என்று வெளியாட்கள் நினைப்பார்கள். அந்தக் கடையைத் திறந்து வைத்தவன் நீ. அது மூடிவிடுமே என்று நான் ஏன் இவ்வளவு பயந்தேன் என்பதை உனக்குச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு ஞாபகம் இருக்கும். அப்பா நம்மை விட்டுப் போன வருஷம் அது. தோப்பும்படி ஹோட்டலில் எனக்கு இருந்த அடுக்களை வேலையும் நின்றுபோனது. நீ பைக்கில் வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தாய். ஒரு நாள் மத்தியானம் சோறு தின்ன வந்தவன், நான் வறுத்து இடித்து வைத்திருந்த தேங்காய்ச் சம்மந்திப் பொடியை நக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாய், "அம்மா, நான் சொமக்கற பெட்டில பாதிக்குப் பாதி தின்கற சாதனம்தான். பொடி, ஊறுகாய், சிப்ஸ். அதுல ஒண்ணுகூட இது மாதிரி இல்ல." நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. ஒரே வாரத்தில் உன் போன் நம்பரைப் போட்டுக் கடையைப் பதிந்துவிட்டாய். சிந்து அப்போது ஒன்பதாம் வகுப்பு. பாட்டிலில் ஒட்டுகிற சீட்டை மலையாளத்தில் எழுதினாள். தமிழ்நாட்டிலும் வாங்குவார்கள், தமிழிலும் எழுது என்று நீ சொன்னாய். அவள் வீட்டில் எப்படிச் சொல்கிறோமோ அப்படியே எழுதினாள்: 'கொச்சி சம்மந்திப் பொடி'.

நம் மூன்று பேருக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. இங்கே துவையலுக்குச் சம்மந்தி என்றுதான் பேர். தமிழ்நாட்டில் சம்மந்தி என்றால் பெண் கொடுத்தவரும் எடுத்தவரும் என்பது எனக்குத் தெரியாததல்ல, ஆனால் பாட்டிலைப் பார்க்கும்போது அது மனதில் வரவே இல்லை. மதுரையில் இருந்து ஒருவர் எழுதியிருந்தார்: 'பேரைப் பார்த்து வாங்கினேன். உள்ளே சம்மந்தியைக் காணோம், தேங்காய்தான் இருக்கிறது. இருந்தாலும் ருசி.' சிந்து வெட்கத்தில் இரண்டு நாள் போனைத் தொடவில்லை. சீட்டை மாற்றிவிடலாம் என்று நானும் சொன்னேன். நீதான் தடுத்தாய். அப்புறம் நடந்ததுதான் உனக்கே தெரியுமே. நிச்சயதார்த்தத்துக்குப் பத்துப் பாட்டில், மறுவீட்டுக்கு இருபது பாட்டில் என்று விளையாட்டுக்காகவே வாங்க ஆரம்பித்தார்கள். விளையாட்டுக்கு வாங்கினவர்கள் தின்று பார்த்துவிட்டு மறுபடி வாங்கினார்கள். உன் நிச்சயத்துக்குக் கோயம்புத்தூர் போனபோது வெறுங்கையோடு போகக்கூடாதே என்று நான் இரண்டு பாட்டில் கொண்டுபோனேன். கவிதாவின் அப்பா அதைக் கையில் வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாரே. "ஏனுங்க, பொண்ணு இன்னும் அங்க வரவே இல்ல, அதுக்குள்ள சம்மந்திய வறுத்துப் பொடி பண்ணிப் போட்டீங்களே!" என்று அவர் சொன்னதும் அந்தக் கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில்தான் உன் கல்யாணம் முடிவானது. நீ அந்த ஊரோடு போய்விடுவாய் என்பதும் அதிலேயே முடிவாகிவிட்டது. அது எனக்கு அப்போது புரியவில்லை. ரயிலில் திரும்பி வரும்போது, ஆலுவா தாண்டும்போதுதான் புரிந்தது.

நீ போனதைக் குறையாகச் சொல்லவில்லை. மோட்டார் கம்பெனியில் நிலையான வேலை, மாமனார் வீட்டுக்குப் பக்கத்திலேயே வீடு. இங்கே இருந்தால் மழையில் நனைந்துகொண்டு பார்சல் சுமந்திருப்பாய். ஆனால் கடை உன் நம்பரில் இருந்தது. காலையில் கடையைத் திறந்து ஆர்டர் பார்க்க வேண்டுமென்றால் ஓடிபி என்கிற அந்த ஆறு எண் உன் போனுக்கு வரும். நீ அதைச் சொன்னால்தான் இங்கே திறக்கும். அதனால் எட்டரை மணிக்கு, நீ வேலைக்குப் போகிற வழியில், நான் கூப்பிடுவேன். நீ வண்டியை ஓரமாக நிறுத்துவாய். "அம்மா, எழுதிக்கோ" என்று ஆறு எண்ணையும் சொல்லுவாய். "சரியா? வைக்கட்டா?" அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகாது. சில நாள் நன்றாகக் கேட்டாலும் "கேக்கலடா, ஒண்ணுகூட பற" என்பேன். மறுபடியும் சொல்லுவாய். எனக்கு இரண்டு தடவை கிடைக்கும்.

அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிடும். சளி பிடித்திருக்கிறதா, முந்தின நாள் கவிதாவோடு சண்டையா, காலையில் தின்றாயா தின்னவில்லையா, எல்லாமே அந்த ஆறு எண்ணில் இருக்கும். இங்கே இருந்தபோது நீ 'ஏழ்' என்று மலையாளத்தில் சொல்வது போல வெட்டிச் சொல்வாய். போன தீபாவளிக்குப் பிறகு 'ஏழு' என்று முழுசாகச் சொல்ல ஆரம்பித்தாய். அன்றைக்கு நான் அடுப்பில் தேங்காயைப் போட்டுக் கிளறிக்கொண்டே அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சாயா என்பதை டீ என்கிறாய். அதற்குக்கூட ஒன்றும் தோன்றவில்லை. இந்த ஏழுதான் என்னை என்னவோ செய்தது. சிந்து இதை எழுதாமல் என் முகத்தைப் பார்க்கிறாள். எழுது, பெண்ணே.

இனி கட்டணத்துக்கு வருகிறேன். தொடக்கத்தில் தூக்குக்கூலி மட்டும் பிடித்தார்கள். பிறகு விற்பதில் ஒரு பங்கு என்றார்கள். பிறகு பணத்தை வாங்கித் தருவதற்குத் தனியாக ஒன்று. முன்வரிசையில் காட்ட வேண்டுமா, விளம்பரத்துக்குக் கட்டு என்றார்கள். கட்டாவிட்டால் நம் பாட்டில் எத்தனையோ பக்கத்துக்குப் பின்னால் போய்விடும். வாங்கினவர் பாதியைத் தின்றுவிட்டு 'காரம் போதாது' என்று திருப்பி அனுப்பினாலும் போகிற கூலி, வருகிற கூலி இரண்டும் நம் தலையில்தான். எடையில் ஒரு கோடு வைத்திருக்கிறார்கள். கண்ணாடிப் பாட்டிலில் போட்டால் கோட்டைத் தாண்டும், கூலி இரட்டிப்பாகும். கவரில் போட்டால் மழைக்காலத்தில் ஓரம் பிரிந்து பொடி நமத்துப்போகும். விலையை ஏற்றலாம் என்றால், யந்திரத்தில் டன் கணக்கில் அரைக்கிறவன் நம்மில் பாதி விலைக்குப் பக்கத்திலேயே நிற்கிறான். குழுவில் எல்லோருக்கும் இதே புலம்பல்தான். இடப்பள்ளியில் நைட்டி தைத்து விற்கிற பெண் ஒருத்தி குரல் செய்தியில் அழுதாள். வைப்பினில் இறால் ஊறுகாய் போடுகிற லில்லி சேச்சி மட்டும் அழவில்லை. "எடி, நம்மள் அவருக்குச் சம்பளம் இல்லாத்த பணிக்காரிகளா. நான் நிறுத்தி. இனி போட்டுஜெட்டில வெச்சு விக்கும்" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே கடையை மூடி, படகுத்துறையில் போய் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அப்படிச் செய்ய முடியவில்லை. அதற்குப் பதிலாக வேறு ஒன்று செய்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

போன தடவை கட்டணம் ஏறினபோது நான் தேங்காயைக் குறைத்தேன். மூன்று தேங்காய் போடுகிற இடத்தில் இரண்டு போட்டு, மிச்சத்துக்குப் பொட்டுக்கடலையை வறுத்துச் சேர்த்தேன். நிறம் மாறக்கூடாது என்று கொஞ்சம் கூடுதலாகக் கருக்கினேன். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். மதுரைக்காரர், முதலில் கேலி செய்தாரே அவர்தான், எழுதியிருந்தார்: 'அம்மா, இரண்டு வருஷமாக வாங்குகிறேன். இந்தத் தடவை தேங்காய் எங்கே போனது?' சிந்து எனக்குப் படித்துக் காட்டினாள். படித்துவிட்டு, "அவர் சொல்றது நெசம்தானே அம்மா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். நான் அவளைத் திட்டினேன். கூலி ஏறியிருக்கிறது, புளி விலை ஏறியிருக்கிறது, உனக்கு என்ன தெரியும் என்று கத்தினேன். அவள் போய் அவருக்கு எழுதினாள். நான் பார்க்கும்போது அனுப்பியாகிவிட்டது. 'நீங்கள் சொன்னது சரி. இந்தத் தடவை குறைத்துவிட்டோம். அடுத்தது சரியாக வரும்.' மறுநாள் முதல் மூன்று தேங்காய்தான் போடுகிறேன். நீயும் ஒரு நாள் சொந்தமாகத் தொழில் செய்யலாம். மேலே இருக்கிறவன் உன்னைப் பிழிந்தால் அவனோடு சண்டை போடு, இல்லாவிட்டால் விட்டுவிட்டு வா. உன் கையால் தின்கிறவனிடம் அதை ஈடுகட்டாதே. நான் ஈடுகட்டினேன். என் பெண்தான் அதைச் சரி செய்தாள்.

அவளுக்கு நான் செய்த பெரிய தப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவள் பேனாவை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். வந்துவிட்டாள். பத்தாம் வகுப்பில் அவள் படித்துக்கொண்டிருந்தபோது ஓணத்துக்கு ஆர்டர் குவிந்தது. இரண்டு வாரம் மட்டும் லீவு போடு மோளே என்றேன். ஓணம் முடிந்ததும் தீபாவளி வந்தது. ஐயப்பன் சீசன் வந்தது. பிறகு பள்ளிக்கூடத்தில் எல்லோரும் எங்கேயோ போய்விட்டார்கள், எனக்கு ஒன்றும் புரியாது, வெட்கமாக இருக்கிறது என்று அவளே சொன்னாள். நான் அவளை இழுத்துக்கொண்டு போய் உட்கார்த்தியிருக்க வேண்டும். செய்யவில்லை. உள்ளுக்குள் எனக்கு அது வசதியாக இருந்தது. அன்றைக்கு நீ போனில் சத்தம் போட்டாய். "அவளுக்கே இஷ்டம் இல்லடா" என்று உன்னிடம் பொய் சொன்னேன். இஷ்டம் இல்லாமல் போகும்வரை நான் காத்திருந்தேன் என்பதுதான் நிஜம்.

அவள் பேரில் நான் சொன்ன பொய் அது ஒன்று மட்டும் அல்ல. கல்யாணம் முடிந்து மூன்றாவது மாதமே நீ கேட்டாய். "அம்மா, கடை நம்பரை சிந்து பேருக்கு மாத்திடலாம். ரெண்டு நிமிஷ வேலை. அப்புறம் டெய்லி என்னைக் கூப்பிட வேண்டாம்ல?" நான் சொன்னேன், "அவளுக்குப் பயம்டா. ஆன்லைன் கம்பெனி ஆளோட பேசணுமாம், அவ பேசமாட்டா." ஒவ்வொரு தடவை நீ கேட்கும்போதும் அதையே சொன்னேன். அவள் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். ஒரு நாள்கூட, எனக்கு ஒன்றும் பயமில்லை என்று வந்து சொன்னதில்லை. பயந்தது நான் மோனே. அந்த நம்பர் மாறினால் எட்டரை மணிக்கு உன்னைக் கூப்பிட எனக்குக் காரணம் இருக்காது. 'என்ன அம்மா, என்ன விஷயம்' என்று நீ கேட்டால் சொல்வதற்கு ஒரு விஷயம் வேண்டாமா? சும்மா கூப்பிட்டால் உனக்குத் தொந்தரவு, கவிதா என்ன நினைப்பாள், வேலைக்குப் போகிறவனை நிறுத்தி வைத்துக் கதை பேசுகிறாள் என்று தோன்றும். ஓடிபி என்றால் தொழில். தொழிலுக்காகக் கூப்பிடுகிற அம்மாவை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. கட்டணம் ஒவ்வொரு தடவை ஏறினபோதும் குழுவில் எல்லோரும் லாபம் எவ்வளவு குறையும் என்று பார்த்தார்கள். நான் வேறொன்றைப் பார்த்தேன். கடை இருந்தால் எண் வரும், எண் வந்தால் நீ பேசுவாய். அதற்காக எவ்வளவு பிடித்தாலும் பிடித்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன்.

இனி போன வியாழக்கிழமையைச் சொல்கிறேன். நீ சொன்னாய்: "மூணு, எட்டு, ஒம்பது, ஒண்ணு, ஆறு. சரியா? வைக்கட்டா?" வைத்துவிட்டாய். நான் விரலை மடக்கிப் பார்த்தேன். ஐந்துதான் இருந்தது.

"அடி சிந்து, அஞ்சுதான் சொன்னான். மறுபடி கூப்பிடறேன்."

"வேண்டாம் அம்மா. திறந்தாச்சு. இன்னிக்கு நாலு ஆர்டர்."

"அஞ்சு நம்பருக்கு எப்படிடி திறக்கும்?"

அவள் கவருக்குச் சீல் வைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவே இல்லை. "சில நேரம் திறக்கும்."

"கள்ளி. என் மூஞ்சியப் பாத்துப் பற."

பார்த்தாள். அந்தக் கண்ணுக்குப் பொய் சொல்ல வராது, உனக்கே தெரியுமே. "அண்ணன் நம்பர் இல்ல அம்மா இப்ப. கடை என் நம்பர்லதான். ஓடிபி எனக்குத்தான் வருது."

"எப்ப முதல்?"

"மழ தொடங்கினப்ப முதல்."

மழை தொடங்கி, ஓணமும் கழிந்துவிட்டது. அடுப்பில் தேங்காயைக் கிளறுவதை நிறுத்திவிட்டேன். "அப்ப அவன் தினமும் சொல்ற நம்பர்?"

"அது," என்று இழுத்தாள். "அண்ணன் வண்டிய நிறுத்தறப்போ முன்னால நிக்கற வண்டியோட நம்பர்."

பிறகு எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. மழைக்கு முன்னால் ஒரு நாள் கம்பெனியில் உன் போனை வாங்கி வைத்துவிட்டார்கள் அல்லவா, சாயங்காலம் வரை எண் கிடைக்கவில்லை. அன்றைக்கு ஏழு பார்சல் போகாமல் நின்று, தாமதத்துக்கு அபராதம் பிடித்தார்கள். போகட்டும் என்று நான் விட்டுவிட்டேன். இவள் விடவில்லை. புளி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு படகுத்துறைப் பக்கம் போய் நின்று உன்னைக் கூப்பிட்டிருக்கிறாள். ஆன்லைன் கம்பெனியின் ஆளையும் கூப்பிட்டு இருபது நிமிஷம் பேசியிருக்கிறாள். நம் சிந்து, முன்பின் தெரியாத ஓர் ஆளோடு, இருபது நிமிஷம்! நம்பர் மாறிவிட்டது. "ஆனா அம்மா கூப்பிட்டா ஏதாவது ஆறு நம்பர் சொல்லு அண்ணா, இல்லன்னா அம்மா கூப்பிடவே கூப்பிடாது" என்று அவள்தான் சொன்னாளாம். நீ ஒரு வார்த்தை மறுக்கவில்லையாம். உன் ஊர் வண்டிகளில் முப்பத்தெட்டு என்று போட்டுத்தான் எண் தொடங்குமாம், கடைசி நாலு எண்ணையும் சேர்த்தால் கணக்காக ஆறு வருமாம். நீ சொல்வது அடிக்கடி மூணு, எட்டு என்று ஆரம்பிப்பதைக் கவனித்து, அது நமக்கு ராசியான எண் என்று நான் சாமி படத்துக்கு முன்னால் நின்று நினைத்திருக்கிறேன். "கேக்கல" என்று நான் மறுபடி கேட்கும்போது சில நாள் வேறு எண்ணாக வரும். முன்னால் நின்ற வண்டி போய்விட்டிருக்கும் போல. எனக்குத்தான் காது மந்தம் என்று நினைத்துக்கொள்வேன். வியாழக்கிழமை உன் முன்னால் நின்றது ஏதோ பழைய வண்டி. முப்பத்தெட்டுக்குப் பிறகு அதற்கு மூன்றே எண்.

முதலில் கோபம்தான் வந்தது. "ரெண்டு பேரும் கூடி என்ன முட்டாளாக்கிட்டீங்களே" என்று கத்தினேன். அடுப்பில் இருந்த தேங்காய் கரிந்து வாசனை தெருவரை போனது. பக்கத்துக் கிடங்கில் சுக்குச் சாக்கு இறக்கிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்து, "எந்தா சேச்சி, சம்மந்தி கரிஞ்ஞோ?" என்று கேட்டார். கரிந்ததைக் கொட்டிவிட்டுச் சட்டியைத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க வேறு மாதிரி ஆனது. நாலு மாதமாக நீ வேலைக்குப் போகிற அவசரத்தில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, யாரோ ஒருவருடைய வண்டி எண்ணை எனக்காகப் படித்திருக்கிறாய். அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தெரிந்தே படித்திருக்கிறாய். நான் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். நீயும் எனக்காகக் காரணம் தயாரித்துக்கொண்டிருந்தாய். நம் இரண்டு பேருக்கும் நடுவில் இந்தப் பெண் உட்கார்ந்துகொண்டு, தன் போனில் வந்த எண்ணை அமுக்கிவிட்டு, "சரியா இருக்கு அம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை நான் வழக்கம் போலக் கூப்பிட்டேன். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. நீ ஆறு எண் சொன்னாய். நான் ஒன்றையும் எழுதவில்லை. காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒன்றரை வருஷத்தில் அவ்வளவு நிம்மதியாக உன் குரலை நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகுதான் கூப்பிட முடியாமல் போனது. மறுபடியும் எண் கேட்டால் நானும் நடிக்க வேண்டும். கேட்காவிட்டால் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

இந்த நாலு நாளில் கடையைப் பற்றி முதல் தடவையாகக் கடையாக மட்டும் யோசித்தேன். சம்மதம் என்ற பொத்தானை அமுக்கப்போவதில்லை. மாத முடிவில் அது தானாக மூடட்டும். அதற்கு உன் எண்ணும் வேண்டாம், யாருடைய எண்ணும் வேண்டாம். லில்லி சேச்சி வாரம் இருபது பாட்டில் தன் ஊறுகாயோடு வைத்து விற்றுத் தருகிறேன் என்றாள். தோப்பும்படியில் இரண்டு கடைக்காரர்கள் சம்மதித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பழக்கமானவர்களுக்குச் சிந்து எழுதுவாள், வேண்டுமென்பவர்கள் நேராகக் கேட்கட்டும், தபாலில் போடலாம். வருமானம் குறையும், தெரியும். ஆனால் காலை நேரம் அவளுக்கு மிஞ்சும். பள்ளியை விட்டவர்கள் பத்தாம் வகுப்பு எழுதுகிற வகுப்பு ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கிறது. விசாரித்துவிட்டேன். இதை எழுதும்போது அவள் நிறுத்திவிட்டு, "அங்க போனா எல்லார்கிட்டயும் பேசணும் அம்மா" என்கிறாள். கம்பெனி ஆள்கிட்ட இருபது நிமிஷம் பேசினவதானே நீ, பேசு என்றேன். எழுதிக்கொண்டிருக்கிறாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, குனிந்திருக்கிறாள். இந்தத் தடவை இழுத்துக்கொண்டு போகவும் நான் தயார்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். கவிதாவிடம் காரணம் வைத்துக்கொண்டு பேசாதே. கேஸ் வந்ததா, கரண்ட் பில் கட்டினாயா என்று கேட்பதற்காக மட்டும் அவளைக் கூப்பிடுகிறவனாக ஆகிவிடாதே. உன் அப்பா அப்படித்தான். கார்ப்பரேஷன் வண்டியோடு தெருத்தெருவாகப் போகிறவர், மத்தியானம் வீட்டுக்குள் தலையை நீட்டி, "தண்ணி வந்துதா?" என்று கேட்டுவிட்டுப் போவார். தண்ணீர் வந்ததா என்று பார்க்க அவர் வரவில்லை, என்னைப் பார்க்கத்தான் வந்தார் என்பது அவர் போன பிறகு, யாரும் அப்படிக் கேட்காத ஒரு மத்தியானத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அவர் இருக்கும்போது நானும் "வந்துது, வந்துது" என்று மட்டும்தான் சொன்னேன். இப்போது அதே மாதிரி நானும் உன்னிடம் எண் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். உன்னோடு இது நிற்கட்டும்.

நாளைக் காலை எட்டரைக்குக் கூப்பிடுவேன். வண்டியை ஓரமாக நிறுத்திக்கொள். முன்னால் நிற்கிற வண்டியைப் பார்க்க வேண்டாம். எனக்கு ஒன்றும் தேவையில்லை, அதனால்தான் இந்தப் பயம். பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று நாலு நாளாக யோசித்தும் தெரியவில்லை. சிந்துவிடம் கேட்டேன். வாய் திறக்காதவளிடம் போய்க் கேட்கிறேன் பார். அவள் பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு, "அங்க மழ பெய்யுதான்னு கேளுங்க அம்மா, அது போதும்" என்கிறாள். அப்படியானால் அதையே கேட்கிறேன்.

அங்கே மழை பெய்கிறதா, மோனே?

அம்மா